விட்ட பக்கத்துக்குத் திரும்பும் வழி

உலாவியில் மின்னூல் வாசிப்பது எப்படி என்று மாணவர்களுக்கு நான் எடுத்த முதல் வகுப்பின் மறுநாள், ஒரு மாணவி கணினியின் முன்னால் அமர்ந்து வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நேத்துப் படிச்ச புத்தகத்தைக் காணோம் சார்" என்றாள். புத்தகம் எங்கும் போய்விடவில்லை. முந்தைய நாள் நான் கொடுத்த இணைப்பைச் சொடுக்கி உள்ளே போய் மூன்றாம் அத்தியாயம் வரை படித்திருந்தவள், அன்று நூலின் பெயரைத் தேடுபொறியில் தட்டி, முதலில் வந்த முடிவைத் திறந்திருந்தாள். அது வேறொரு தளம், வேறொரு பதிப்பு, அத்தியாயப் பிரிப்பும் வேறு. யாரோ இரவோடு இரவாகப் புத்தகத்தை மாற்றிவிட்டார்கள் என்றே அவள் நினைத்தாள்.

என் பாடத்திட்டத்தின் வரிசை தவறு என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. உலாவியைத் திறப்பது, சாளரத்தைப் பெரிதாக்குவது, மேலே இருக்கும் பொத்தான்களின் பெயர்கள் என்று இடமிருந்து வலமாக நான் சொல்லிக்கொண்டு போயிருந்தேன். அச்சு நூலில் விட்ட இடத்துக்குத் திரும்ப யாரும் நமக்குக் கற்றுத்தருவதில்லை; படித்த பக்கங்களின் தடிமன் இடக்கைக்குத் தெரியும், மடித்த மூலை கண்ணில் படும், அந்த வரி இடப்பக்கத்தின் அடியில் இருந்தது என்பதும் நினைவில் நிற்கும். உலாவியில் முதல் பக்கமும் முந்நூறாவது பக்கமும் ஒரே கண்ணாடிக்குப் பின்னால்தான் இருக்கின்றன, கைக்கு எந்த வேறுபாடும் தெரிவதில்லை. ஆகவே புத்தகம் படிப்பதற்காக உலாவியைக் கற்பிக்கும்போது, நான் இப்போது எங்கே இருக்கிறேன், நாளைக்கு இதே இடத்துக்கு எப்படி வருவேன் என்ற இரண்டு கேள்விகளுக்கு மாணவர் பதில் சொல்லும்படி செய்வதைத்தான் இப்போது என் முதல் வேலையாக வைத்திருக்கிறேன். மற்ற எல்லாவற்றையும் இதை ஒட்டியே சொல்லித்தருகிறேன்.

முதல் கேள்விக்கான விடை முகவரிப் பட்டையில் இருக்கிறது. ஆனால் மாணவர்களில் பெரும்பாலோர் அதை முகவரி எழுதும் இடமாகப் பார்த்ததே இல்லை. 2008இல் வெளிவந்த குரோம் உலாவி முகவரிக்கும் தேடலுக்கும் ஒரே பெட்டியை வைத்தது, மற்ற உலாவிகளும் அந்த வழிக்கு வந்துவிட்டன. வசதியான ஏற்பாடுதான் என்றாலும், அதிலேயே பழகியவர்களுக்கு முகவரி வேறு, தேடல் வேறு என்பது மறைந்துபோகிறது. அதனால் முதல் பயிற்சியாக ஒரு முகவரியைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, தேடுபொறியின் உதவி இல்லாமல் அந்தப் பக்கத்தை அடையும்படி சொல்கிறேன். ஓர் எழுத்து மாறினாலும், ஒரு புள்ளி விட்டுப்போனாலும், நடுவே இடைவெளி விழுந்தாலும் பக்கம் வராது. சலிப்பூட்டும் பயிற்சி போலத் தோன்றினாலும், இதைச் செய்து முடித்தவர்கள் அதன்பிறகு முகவரியை அலங்காரமாகப் பார்ப்பதில்லை.

அடுத்ததாக முகவரியைப் படிக்கக் கற்க வேண்டும். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டைத் தாண்டி, முதல் ஒற்றைச் சாய்கோடு வரை இருப்பது தளத்தின் பெயர். அதற்குப் பின்னால் வருவது அந்தத் தளத்துக்குள் இருக்கும் இடம். தளத்தின் பெயரை மட்டும் வலமிருந்து இடமாகப் படிக்கச் சொல்கிறேன், ஏனென்றால் அது யாருடைய தளம் என்பதைக் கடைசிப் பகுதிதான் தீர்மானிக்கிறது. போலித் தளங்கள் நமக்குத் தெரிந்த பெயரை முன்னால் ஒட்டிக்கொண்டு தங்கள் சொந்தப் பெயரைப் பின்னால் வைத்திருக்கும். பூட்டுச் சின்னம் இருந்தால் நல்ல தளம் என்று ஒரு மாணவர் உறுதியாகச் சொன்னார். அந்தப் பூட்டு, நமக்கும் தளத்துக்கும் இடையில் போகும் செய்தியை நடுவில் யாரும் படிக்க முடியாது என்பதை மட்டுமே சொல்கிறது. மறுமுனையில் இருப்பவர் நேர்மையானவரா என்று அதற்குத் தெரியாது. இந்தத் தவறான எண்ணம் உலகம் முழுவதும் பரவியிருந்ததால்தான் 2023இல் குரோம் அந்தப் பூட்டையே எடுத்துவிட்டு வேறொரு சின்னத்தை வைத்தது.

முகவரி உயிருள்ளது என்று மாணவர்களுக்குக் காட்டுவதற்கு இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தின் வாசிப்புத் திரையைப் போல் உதவியது வேறொன்றும் இல்லை. 1996இல் தொடங்கப்பட்ட அந்தத் தளத்தில் ஒளிவருடிய புத்தகம் ஒன்றைத் திறந்து, பக்கத்தைப் புரட்டிக்கொண்டே முகவரிப் பட்டையைக் கவனிக்கச் சொல்வேன். ஒவ்வொரு முறை புரட்டும்போதும் முகவரியில் ஓர் எண் மாறும். "பக்கத்தைத் திருப்பினா மேலயும் மாறுது!" என்று யாராவது ஒருவர் வியந்து சொல்லும் அந்தக் கணத்துக்காகவே இந்தப் பயிற்சியை நான் விடாமல் வைத்திருக்கிறேன். அந்த முகவரியைப் பக்கத்தில் இருப்பவரின் கணினியில் இட்டுப் பார்த்தால் அதே பக்கம் திறக்கும். புத்தகத்தின் பெயரும் பக்க எண்ணும் சேர்ந்த ஒரு வரி தங்கள் கையில் இருக்கிறது என்பது அப்போது அவர்களுக்கு விளங்குகிறது.

இதே வசதி பிடிஎஃப் கோப்புகளுக்கும் உண்டு என்பது ஆசிரியர்களிலேயே பலருக்குத் தெரிவதில்லை. இணையத்தில் இருக்கும் ஒரு பிடிஎஃப் நூலை உலாவிக்குள் திறந்து, அதன் முகவரியின் கடைசியில் ஹாஷ் குறி, பேஜ் என்ற ஆங்கிலச் சொல், சமக்குறி, 45 என்ற எண் ஆகியவற்றை இடைவெளி இல்லாமல் (#page=45) சேர்த்துவிட்டால், குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் நூல் நேராக 45ஆம் பக்கத்தில் திறக்கும். வகுப்பில் எல்லோரும் ஒரே பத்தியைப் பார்க்க வேண்டியிருக்கும்போது, "கீழே உருட்டுங்கள், இன்னும் கொஞ்சம், இல்லை, தாண்டிவிட்டீர்கள்" என்று கத்துவதற்குப் பதிலாக இப்படி ஒரு முகவரியைக் கொடுத்துவிடுகிறேன்.

ஆனால் இந்த 45 என்பது எந்த 45? இதில்தான் என் வகுப்பு இரண்டு முறை குழம்பியது. உலாவி கோப்பின் முதல் தாளை 1 என்று எண்ணுகிறது. அந்தத் தாள் அட்டையாக இருக்கலாம். அச்சிட்டவரோ அட்டை, உரிமைப் பக்கம், முன்னுரை, பொருளடக்கம் எல்லாவற்றையும் கழித்துவிட்டு நூலின் முதல் அத்தியாயத்திலிருந்து எண்ணத் தொடங்கியிருப்பார். முன்பகுதி 12 தாள்கள் என்றால், தாளின் அடியில் 45 என்று அச்சாகியிருக்கும் பக்கம் உலாவிக்கு 57. பாதி மாணவர்கள் ஒரு 45இலும் மீதிப் பேர் இன்னொரு 45இலும் நின்றுகொண்டு, ஒருவரை ஒருவர் தவறு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது எந்த பிடிஎஃப் நூலைத் திறந்தாலும், அச்சு எண் தெரியும் ஏதாவது ஒரு பக்கத்துக்குப் போய், இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டு, நோட்டில் நூலின் பெயருக்குப் பக்கத்தில் குறித்துவைக்கச் சொல்கிறேன். மேற்கோள் காட்டும்போது அச்சு எண்ணையும், திரும்பி வருவதற்கு உலாவி எண்ணையும் பயன்படுத்த வேண்டும். மேலே சொன்ன ஆர்க்கைவ் தளத்தின் முகவரியிலும் சில சமயம் எண்ணுக்கு முன்னால் n என்ற ஆங்கில எழுத்து வரும். அப்படி வந்தால் அது தாளின் வரிசை எண், அச்சு எண் இல்லை.

பின்செல்லும் பொத்தானைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாணவர்கள் அதிகம் தடுமாறுவது அங்கேதான். வலைப்பக்கமாக அமைந்த நூல்களில் அடிக்குறிப்பு எண்ணைச் சொடுக்கினால் பக்கத்தின் கடைசியில் இருக்கும் குறிப்புக்குத் தாவுவோம். அங்கிருந்து வந்த வழியே திரும்ப, பின்செல்லும் பொத்தானை ஒருமுறை அழுத்தினாலோ, ஆல்ட் விசையுடன் இடது அம்புக்குறியை அழுத்தினாலோ போதும். விட்ட வரிக்கே வந்துவிடலாம். இது தெரியாத மாணவர்கள் சுட்டியின் உருளையைச் சுழற்றி மேலே மேலே ஏறி, தங்கள் வரியைத் தேடிக் களைத்துப்போய், பிறகு அடிக்குறிப்புகளைத் தொடுவதையே விட்டுவிட்டிருந்தார்கள். குறிப்புகளில் அவர்களுக்கு ஆர்வம் இல்லை என்று நான் தவறாக எண்ணியிருந்தேன். திரும்பும் வழியைக் காட்டிய அடுத்த வாரமே, ஒரு குறிப்பில் கண்ட செய்தியைப் பற்றி இரண்டு பேர் என்னிடம் கேள்வி கேட்டார்கள்.

சில தளங்கள் இணைப்பைப் புதிய டேப்பில் திறந்துவிடும். புதிய டேப்புக்கு முன்கதை கிடையாது, ஆகவே பின்செல்லும் பொத்தான் மங்கிப்போய் அழுத்தினாலும் அசையாமல் இருக்கும். பழைய பக்கம் பக்கத்து டேப்பில் பத்திரமாகக் காத்திருக்கிறது என்று தெரியாதவர்கள் பதற்றத்தில் உலாவியையே மூடிவிடுகிறார்கள். பொத்தான் மங்கியிருந்தால் மேலே டேப் வரிசையைப் பார் என்ற ஒரே ஒரு வாக்கியம் பல விபத்துகளைத் தடுத்துவிட்டது. அதையும் மீறி மூடிவிட்டால், கண்ட்ரோல், ஷிஃப்ட், டி (T) ஆகிய மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் கடைசியாக மூடிய டேப் திரும்பி வரும். இந்த ஒன்றைக் கற்றுக்கொண்ட பிறகு மாணவர்களின் முகத்திலிருந்த அச்சம் குறைந்ததை நான் கண்ணால் பார்த்தேன். தவறு செய்தால் சரிசெய்துகொள்ளலாம் என்று தெரிந்தவர்கள்தான் தயங்காமல் இணைப்புகளைத் தொடுகிறார்கள்.

இரண்டாவது கேள்விக்கு, அதாவது நாளைக்குத் திரும்பி வருவதற்கு, எல்லோரும் சொல்லும் விடை புக்மார்க். 1993இல் வந்த மொசைக் உலாவி இத்தகைய பட்டியலை ஹாட்லிஸ்ட் என்றுதான் அழைத்தது. புத்தகத்தில் வைக்கும் அடையாள நாடாவின் பெயர் அதற்குப் பிறகு வந்து நிலைத்தது. அந்தப் பெயரே ஒரு பொய்யான நம்பிக்கையைத் தருகிறது என்பது என் எண்ணம். நாடாவை வைத்த பக்கத்தில் புத்தகம் திறக்கும் என்று நினைத்து மாணவர் கண்ட்ரோலையும் டி (D) எழுத்தையும் அழுத்துகிறார். ஆனால் உலாவி சேமித்துவைப்பது முகவரியை மட்டுமே. பக்கத்துக்குப் பக்கம் முகவரி மாறும் தளத்தில் அது சரியாக வேலை செய்யும். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தில் பல நூல்கள் இருப்பதைப் போல முழு நூலும் ஒரே நீண்ட வலைப்பக்கமாக இருந்தால், நாடா எங்கே வைத்தாலும் மறுநாள் நூலின் தலைப்பில்தான் போய் நிற்போம். பலர் பயன்படுத்தும் பொதுக் கணினியாக இருந்தால் இன்னொரு சிக்கலும் சேர்கிறது: புக்மார்க் அந்தக் கணினியில்தான் இருக்கும், நாளைக்கு அதே இருக்கை கிடைக்கும் என்ற உறுதி இல்லை, மறைநிலைச் சாளரத்தில் படித்திருந்தால் வரலாற்றிலும் தடம் இருக்காது.

ஆகவே நோட்டுப்புத்தகத்தில் எழுதிவைப்பதையே நான் வலியுறுத்துகிறேன். நீண்ட வலைப்பக்கமாக இருக்கும் நூல்களுக்கு, முகவரியோடு கடைசியாகப் படித்த வரியிலிருந்து மூன்று நான்கு சொற்களையும் குறித்துக்கொள்ளச் சொல்கிறேன். மறுநாள் பக்கத்தைத் திறந்து, கண்ட்ரோலையும் எஃப் எழுத்தையும் அழுத்தி அந்தச் சொற்களை இட்டால் நேராக அந்த வரிக்கே போய்விடலாம். மாணவர்கள் காகிதத்தில் எழுதுவதைப் பழையகாலத்து வழக்கம் என்று முதலில் தயங்கினார்கள். குரோமில் 2021 முதல், ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து அந்த வரிக்கே நேரடி இணைப்பைப் படியெடுக்கும் வசதியும் இருக்கிறது, சொந்தக் கணினி உள்ளவர்களுக்கு அதையும் காட்டுகிறேன். ஆனாலும் எந்தக் கணினியில் அமர்ந்தாலும் உதவுவது நோட்டில் இருக்கும் நான்கு சொற்கள்தான்.

பக்கத்துக்குள் தேடுவது இவ்வளவு முக்கியமானது என்பதால், தமிழில் தேடும் முறையைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. நம் மொழியில் சொல் வேற்றுமை உருபு ஏற்கும்போது அதன் கடைசிப் பகுதி மாறிவிடுகிறது. "மரம்" என்று தேடினால் மரத்தை, மரங்கள், மரமும் எதுவும் கிடைக்காது, ஏனென்றால் அவற்றில் "மரம்" என்ற எழுத்து வரிசை அப்படியே இல்லை. "மர" என்று மட்டும் தேடினால் எல்லாம் கிடைக்கும். கூடவே மரபும் மரணமும் வந்து சேரும், அவற்றைக் கண்ணால் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். மாறாத பகுதி எது என்று யோசித்துத் தேடு என்று சொன்னபோது, இலக்கண வகுப்பில் பகுதி, விகுதி என்று மனப்பாடம் செய்தவர்களுக்கு அதன் பயன் கைக்கு எட்டிவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த வகுப்புகளில் அதுவும் ஒன்று.

தேடியும் ஒன்றுமே வராவிட்டால் உடனே நூலில் அந்தச் சொல் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. சுட்டியை ஒரு வரியின் மேல் இழுத்துப் பார்க்கச் சொல்கிறேன். சொல் சொல்லாக நிறம் மாறினால் அது எழுத்து. அசையாமல் இருந்தாலோ முழுப் பக்கமும் ஒரு துண்டாகத் தேர்வானாலோ அது புகைப்படம், அதில் தேடல் கைகொடுக்காது என்றே எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவது வகையும் உண்டு. எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) முந்தைய எழுத்துருக்களில் தயாரித்த பிடிஎஃப் கோப்புகள் திரையில் அழகான தமிழாகத் தெரியும், ஆனால் ஒரு வரியைப் படியெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் பொருளற்ற குறிகளாக விழும். அத்தகைய நூலில் தமிழில் தட்டித் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், பொருளடக்கத்தை நம்புவதே வழி.

கோப்பு வகைகளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. 1993இல் அறிமுகமான பிடிஎஃப் எந்தக் கணினியிலும் பக்கம் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காகவே உருவானது, அதனால்தான் சிறிய திரையில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடுகிறது. இபப் (EPUB) என்ற மின்னூல் கோப்பு அடிப்படையில் வலைப்பக்கங்களைச் சுருக்கிக் கட்டிய மூட்டை. அதில் வரிகள் திரையின் அகலத்துக்கு ஏற்பத் தாமாக மடங்கும், ஆனால் வழக்கமான உலாவிகள் அதைத் திறக்காமல் பதிவிறக்கி வைத்துவிடும், படிக்கத் தனிச் செயலி வேண்டும். சொடுக்கியும் ஒன்றும் நடக்கவில்லை என்று அதே கோப்பை ஆறு முறை இறக்கி வைத்திருந்தவர்கள் உண்டு; கண்ட்ரோலையும் ஜே எழுத்தையும் அழுத்திப் பதிவிறக்கப் பட்டியலைக் காட்டினேன்.

எழுத்தைப் பெரிதாக்கும் வழியை மட்டும் இப்போது முதல் நாளே, யாரும் கேட்காமலே, எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன். கண்ட்ரோலுடன் கூட்டல் குறியை அழுத்தினால் பெரிதாகும், கழித்தல் குறியை அழுத்தினால் சிறிதாகும், பூச்சியத்தை அழுத்தினால் பழைய நிலைக்கு வரும். பார்வைக் குறை உள்ள மாணவர் எழுந்து நின்று எனக்குத் தெரியவில்லை என்று சொல்லமாட்டார். திரையை நோக்கிக் குனிந்து, தலைவலியோடு பத்து நிமிடம் படித்துவிட்டு, மின்னூல் எனக்கு ஒத்துவராது என்று முடிவுசெய்துவிடுவார். அப்படி ஒருவரை நான் ஒரு முழுப் பருவமும் கவனிக்காமல் விட்டிருக்கிறேன், அந்த வருத்தம் இன்னும் எனக்கு இருக்கிறது. சஃபாரி 2010இல் கொண்டுவந்ததும் இன்று ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் போன்றவற்றில் இருப்பதுமான வாசிப்புப் பார்வையையும் அதே நாளில் காட்டுகிறேன். விளம்பரங்களும் பக்கப்பட்டிகளும் மறைந்து எழுத்து மட்டும் நிற்பதைக் கண்டால், இதுவும் புத்தகம்தான் என்ற உணர்வு வருகிறது.

பதிவிறக்கிய நூலை உலாவியில் திறக்கும்போது முகவரி ஃபைல் என்ற ஆங்கிலச் சொல்லுடன் தொடங்குவதையும் கவனிக்கச் செய்ய வேண்டும். அது இந்தக் கணினிக்குள் இருக்கும் இடம். அந்த முகவரியை நண்பருக்கு அனுப்பினால் அவருக்கு எதுவும் திறக்காது. நூலைப் பகிர வேண்டுமானால் அதை எடுத்த தளத்தின் முகவரியையே கொடுக்க வேண்டும், அந்த நூல் இலவசமாகப் பகிரத் தக்கதா என்பதையும் அந்தத் தளத்தில்தான் பார்க்க வேண்டும். 1971இல் தொடங்கிய, இலவச மின்னூல்களைத் தரும் குட்டன்பர்க் திட்டம் போன்ற இடங்களில் உரிமைக் குறிப்பு நூலோடு சேர்ந்தே இருக்கும், ஆகவே அங்கிருந்து தொடங்குவது எளிது.

பருவத்தின் கடைசியில் நான் வைக்கும் தேர்வு இதுதான். இருபது நிமிடம் ஒரு நூலைப் படித்துவிட்டு உலாவியை முழுவதுமாக மூடிவிட வேண்டும். மறுநாள் வேறொரு கணினியில் அமர்ந்து, நோட்டை மட்டும் வைத்துக்கொண்டு, இரண்டு நிமிடத்துக்குள் விட்ட வரிக்கு வந்து அதை எனக்கு வாசித்துக் காட்ட வேண்டும். புத்தகத்தைக் காணோம் என்று முதலில் சொன்ன அந்த மாணவி தன் நோட்டில் முகவரியை ஒரு வரியிலும், "வேறுபாடு 14" என்று அடுத்த வரியிலும், நான்கு சொற்களை அதன் கீழும் எழுதியிருந்தாள். தேர்வன்று அவள் வரவில்லை. அவளுடைய நோட்டை வாங்கிவைத்திருந்த தோழி, தன் முறை முடிந்ததும் அதைத் திறந்து அந்த முகவரியைத் தட்டி, பக்கத்தைக் கண்டுபிடித்து, "இவ இதுவரைக்கும் படிச்சிருக்கா சார்" என்று சொல்லி அந்த வரியை வாசித்துக் காட்டினாள்.